நா என்று தட்டினால்

ஆபீசர்ஸ் லைனில் வெயில் நூற்றெட்டு.
கையிலிருந்த போன் சொன்னது:
சூடாகிவிட்டேன், ஆறிய பிறகு வா.
வேலூரில் மே மாதம்
யார்தான் ஆறியிருக்கிறார்கள்.

நாலு வருஷம் மூணு மாதம் ஆன போன்.
மதியம் மூன்றுக்குப் பாதி உயிர்,
ஐந்துக்குப் பவர் பேங்க்கின் தொப்புள்கொடி.
இடது ஓரம் ஒரு விரல் அகலத்துக்கு
தொட்டால் உணர்ச்சி இல்லை.
அங்கே விழுகிற எழுத்துகளை
போனைப் படுக்கவைத்துத்தான் வாங்க வேண்டும்,
வாய் திறக்காத பிள்ளைக்கு மருந்து புகட்டுவதுபோல.

முதஸ்ஸிர் ஏசியைக் கூட்டிவைத்துவிட்டு
"இது வேற லெவல்க்கா" என்றான்.
கடை வாசலுக்குக் கூட்டிப்போய்
எதிர் மலையை இரண்டு விரலால் இழுத்தான்.
மலை வந்தது. மலைமேல் இடிந்த மதில் வந்தது.
மதில்மேல் ஓர் ஆடு.
ஆட்டின் வாயில் ஏதோ பச்சை.
"போன வருஷ மாடல்ல ஆடு தெரியும்,
பச்சை தெரியாது."
பச்சைக்கு மட்டும் பதினாலாயிரம் கூட.
என்னுடையதில் என்ன தெரியும் என்று கேட்டேன்.
"மலை தெரியும்க்கா" என்றான்.
நியாயமாகத்தான் சொன்னான்.

பெட்டிக்குள் சார்ஜர் வராதாம்.
எங்கள் ஊரைப் பற்றி ஒரு கேலி உண்டு:
நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை,
மரமில்லாத மலை, சாமியில்லாத கோயில்.
கோயிலுக்குச் சாமி திரும்பி வெகுநாளாயிற்று.
காலியான இடத்தில் இதை வைக்கலாம்:
சார்ஜரில்லாத பெட்டி.

மாதம் இரண்டாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு,
பதினெட்டு மாதம்.
பாபு ராவ் தெரு லாட்ஜில் என் சம்பளம் பதிமூன்றரை.
வேலை, வருகிற நோயாளிகளின் ஆதாரைப் படம் எடுப்பது.
ஆதாரில் எவர் முகமும் தெளிவாக இருந்ததில்லை,
அதற்கு இருநூறு மெகாபிக்சல் என்ன செய்யும்?
விடிகாலை ஐந்துக்கு அறை அறையாய் அழைத்து
ரத்தம் கொடுக்க எழுப்புவது.
அதற்குப் பட்டன் போன் போதும்.

ஆனாலும் கையில் எடுத்தபோது
அது குளிர்ந்திருந்தது.
அதை மறைக்க மாட்டேன்.

"சும்மா தட்டிப் பாருங்க."
நா என்று தட்டினேன்.

என் பழசுக்கு நா என்றால் நாளைக்கு.
ரூ என்றால் ரூம் காலி இல்லை.
வெ என்றால் வெறும் வயிற்றோடு போங்க.
கோ என்றால் கோர் காலி நேய்.
மால்டாவிலிருந்தும் அகர்தலாவிலிருந்தும்
பையும் ஃபைலுமாய் வந்து நின்றவர்களுக்கு
நான் சொல்லத் தெரிந்த முதல் வங்காளம் அது.

புதுசு கேட்டது:
நான் உன்னை?

அப்படி ஒரு வாக்கியத்தை
நான் யாருக்கும் தொடங்கியதில்லை.
முதஸ்ஸிர் பார்க்கிறானா என்று பார்த்தேன்.
அவன் ஒரு கவரின் தூசியை
ஊதிக்கொண்டிருந்தான்.
அடுத்த சொல்லுக்கு மூன்று காட்டியது.
மூன்றையும் படித்தேன்.
ஒன்றைத் தொட்டேன்.
பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு
பேட்டரி மாற்ற எவ்வளவு என்றேன்.

ஆயிரத்து நானூறு.
"ஒரு வருஷம் ஓடும்க்கா,
அப்புறம் நீங்களே வருவீங்க."
மாற்றவில்லை. வாங்கவுமில்லை.
லஸ்ஸி குடித்துவிட்டு டியூட்டிக்கு வந்தேன்.

இரவு பதினொன்று.
முப்பத்து நான்காம் அறையில் யாரோ இருமுகிறார்கள்.
திரையில் முதஸ்ஸிர்:
அக்கா, நீலமா கறுப்பா? ஒண்ணுதான் ஸ்டாக்.

நீலத்தை நினைத்தேன்.
இந்நேரம் அந்த ஆடு
எங்கே படுத்திருக்கும் என்று நினைத்தேன்.
நா என்று தட்டினேன்.
பழசு சூடாகி, கொஞ்சம் திணறி,
நாளைக்கு என்றது.
அதன் பக்கத்திலேயே சொல்றேன் என்றது.

இரண்டையும் தொட்டு
அனுப்பிவிட்டேன்.